எஸ்.பி.எம். டிரையல் விடைத்தாளை என்ன செய்வது?

பிறையிலிருந்து ஒரு தாயார் எழுதிக் கேட்டிருக்கிறார். மகள் ஐந்தாம் படிவம், அறிவியல் பிரிவு, மலேசியாவின் பள்ளியிறுதி அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.-க்கு மொத்தம் பதினொரு பாடம். அதற்கு முன் பள்ளியில் நடக்கும் ஒத்திகைத் தேர்வான டிரையலின் முடிவு வந்துவிட்டது. கூடுதல் கணிதம் ஜி (தோல்வி), வரலாறு டி, இயற்பியல் சி, வேதியியல் சி பிளஸ். மற்றவை எல்லாம் பி அல்லது அதற்கு மேல். கணிதத்தில் ஏ மைனஸ், தமிழில் ஏ. அவருடைய கேள்விகள் மூன்று. இந்த நிலையில் எஸ்.பி.எம். எழுதினால் தேறுவாளா? சுமையைக் குறைக்கத் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் விட்டுவிடச் சொல்கிறார் அப்பா, விடலாமா? ஒரு தனியார் கல்லூரி டிரையல் முடிவை வைத்தே ஃபவுண்டேஷன் என்ற பல்கலைக்கழக முன்னோடி வகுப்பில் இடம் தருவதாகவும், இந்த மாதத்துக்குள் பதிவுக் கட்டணம் கட்டினால் சலுகை உண்டு என்றும் சொல்கிறது, கட்டலாமா?

சகோதரி, மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். விடைத்தாள்கள் எங்கே? கிரேடுகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தாளில், எந்தக் கேள்வியில், எத்தனை மதிப்பெண் போனது என்று ஒரு வரிகூட இல்லை. செபராங் பிறைப் பள்ளிகளில் நீண்டகாலம் வேதியியலும் கணிதமும் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. கிரேடு வந்த அன்று வீட்டில் ஒரு புயல். மறுநாள் புதிய பிரத்தியேக வகுப்பு தேடும் படலம். திருத்திக் கொடுத்த தாள்கள் பையின் அடியில் மடங்கிக் கிடக்கும், அல்லது பிள்ளை வாங்கியே இருக்காது. டிரையலால் கிடைக்கும் லாபம் முழுவதும் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. ஆகவே முதல் வேலை, பதினொரு பாடத்தின் தாள்களையும் ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். சில ஆசிரியர்கள் தாளை வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் அவர்கள் முன் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். மறுக்கும் ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை.

கிரேடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டிரையல் தாளை மாநில அளவிலோ பள்ளி அளவிலோ தயாரிக்கிறார்கள். திருத்துவது பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே. 90-க்கு மேல் ஏ பிளஸ், 80-க்கு ஏ, 70-க்கு ஏ மைனஸ், 65-க்கு பி பிளஸ், 60-க்கு பி, 55-க்கு சி பிளஸ், 50-க்கு சி, 45-க்கு டி, 40-க்கு ஈ, அதற்குக் கீழே ஜி என்பது பள்ளிகளின் வழக்கமான அளவுகோல். எஸ்.பி.எம். தேர்வில் தேர்வு வாரியம் தன் எல்லைகளை வெளியிடுவதில்லை. எனவே பள்ளியில் வாங்கிய 48-ஐ அங்கே எந்த கிரேடாக ஆக்குவார்கள் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. கடினமான தாள் கொடுத்துப் பிள்ளைகளை உலுக்கிவிடலாம் என்று நினைக்கும் பள்ளிகள் உண்டு. மனம் தளரக் கூடாதே என்று இளக்கமாகக் கொடுப்பவையும் உண்டு. போதாததற்கு, டிரையல் நடக்கும்போது பல பள்ளிகளில் பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதி அவசர அவசரமாக முடிந்த கையோடு இருக்கும். மகளின் பி-யையும் பக்கத்து வீட்டுப் பையனின் ஏ-யையும் ஒப்பிடுவதில் பயனில்லை. இருவரும் வெவ்வேறு பள்ளி என்றால் எழுதியதே ஒரே தாளாக இருக்காது.

இன்னொன்றையும் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் காலத்தில் ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். என்று இரண்டு அரசுத் தேர்வுகள் இருந்தன. எஸ்.பி.எம். வருவதற்குள் மண்டபத்தில் உட்காரும் பழக்கம், தேர்வு எண்ணைச் சரியாக எழுதும் பழக்கம், கடிகாரத்தைப் பார்த்து அடுத்த கேள்விக்கு நகரும் பழக்கம் எல்லாம் வந்துவிட்டன. யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் கைவிடப்பட்டது. பி.எம்.ஆருக்குப் பதிலாக 2014-இல் வந்த பிடி3 2022-இல் போய்விட்டது. இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் அரசுத் தேர்வு. தொடக்கப்பள்ளியின் கடைசிக் காலத்தில் ஒரு பகுதியைக் கோவிட் முடக்கத்தில் கைப்பேசித் திரையைப் பார்த்துக் கழித்தவர்கள் வேறு. இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்து, கேட்டதை மட்டும் எழுதி, முடித்துவிட்டு எழுவது அவர்களுக்குப் புதிது. ஆகவே டிரையலில் விழுந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு பாடம் தெரியாமல் போனதல்ல, தேர்வு எழுதத் தெரியாமல் போனது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத்தான் விடைத்தாளில் தேட வேண்டும்.

எப்படித் தேடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். மூன்று நிறப் பேனா போதும். மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் மகளே குறிக்கட்டும். பாடமே தெரியவில்லை என்றால் சிவப்பு. தெரியும், ஆனால் கேட்ட விதத்தில் எழுதவில்லை, கவனப் பிசகு, அலகு விட்டுப்போனது என்றால் நீலம். நேரம் போதாமல் விட்டது என்றால் பச்சை. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் தயவுசெய்து அப்போது வாயைத் திறக்காதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் பிள்ளை எல்லாவற்றையும் நீலத்தில் குறித்துவிடும். "தெரியும், கவனக்குறைவு" என்று சொல்வது "தெரியவில்லை" என்று ஒப்புவதைவிட எளிது. அதற்கு ஒரு சோதனை உண்டு. நீலத்தில் குறித்த கேள்வியைத் தனித்தாளில், புத்தகம் பார்க்காமல், அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். வந்தால் நீலம், வராவிட்டால் சிவப்பு.

பச்சைக்கு மருந்து எளிது. நினைவில் வைக்க ஒரே ஒரு கணக்குதான். வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம் இவற்றின் இரண்டாம் தாள்கள் 100 மதிப்பெண்ணுக்கு இரண்டரை மணி நேரம். கூடுதல் கணிதத்தின் முதல் தாள் 80 மதிப்பெண்ணுக்கு இரண்டு மணி நேரம். வகுத்துப் பாருங்கள், எல்லாமே மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடம் ஆனதும் பாதியில் இருந்தாலும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், திரும்பி வருவது பிறகு. இதைச் சொல்லிக் கொடுத்தால் வராது. வீட்டில் கடிகாரம் வைத்து எழுதினால்தான் கை பழகும். பலவுள் தெரிவுத் தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலியாக விட்ட ஒவ்வொரு வட்டமும் வீண். இத்தனை எச்சரித்தும் ஆண்டுதோறும் காலியாக விடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இனி உங்களைத் தூங்கவிடாத ஜி-க்கு வருவோம். கூடுதல் கணிதத்தில் 32 விழுக்காடு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தாளும் சேர்த்து மொத்தம் 180. அப்படியானால் மகள் வாங்கியது ஏறக்குறைய 58. பள்ளி அளவுகோலில் தேர்ச்சிக்கு 72, சி-க்கு 90 வேண்டும். கணிதத்தில் ஏ மைனஸ் வாங்குகிற பெண்ணுக்கு இன்னும் பதினான்கு மதிப்பெண் எட்டாத தூரமா? இரண்டாம் தாளின் சி பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கேள்விகள், ஏதேனும் இரண்டு எழுதினால் போதும், 20 மதிப்பெண். அங்கே வருவன குறியீட்டு எண்கள், முக்கோணத் தீர்வு, நேரியல் திட்டமிடல், நேர்கோட்டு இயக்கம். முதல் இரண்டும் நான்காம் படிவப் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்கள், பின்னிரண்டும் ஐந்தாம் படிவப் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்கள். கடைசியில் இருப்பதால் பள்ளியில் ஓட்டமாக நடத்தி முடிக்கப்படுபவை. அதனாலேயே பிள்ளைகள் பயந்து ஒதுக்குபவை. ஆனால் குறியீட்டு எண்களில் இருப்பது விகிதமும் விழுக்காடும்தான். வகையீடு, தொகையீடு எதுவும் தேவையில்லை. முக்கோணத் தீர்வில் சைன் விதி, கோசைன் விதி, பரப்பளவு. சூத்திரப் பட்டியலை வினாத்தாளிலேயே தருகிறார்கள். இந்த இரண்டையும் தரமாகக் கற்றுக்கொண்டு, நேரியல் திட்டமிடலை மாற்றாகக் கையில் வைத்துக்கொண்டால், இப்போதைய 58-உடன் இந்த இருபதே அவளைத் தேர்ச்சிக் கோட்டுக்கு மேல் தூக்கிவிடும். பி பிரிவில் நான்கில் மூன்று எழுத வேண்டும்; அதில் வழக்கமாக வரும் நேரியல் விதி வரைபடக் கேள்வி பத்து மதிப்பெண். அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் சரியாக எடுத்து, புள்ளிகளைக் குறித்து, கோடு இழுத்தாலே அதில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும். இதெல்லாம் சேர்ந்து சி வரை போகலாம். வகையீடு, தொகையீடு, திரிகோணமிதிச் சார்புகள் எல்லாவற்றையும் இப்போது முதலிலிருந்து தொடங்கி முடித்துவிடுவேன் என்று புறப்பட்டால் எழுத்துத் தேர்வு தொடங்கும் நவம்பரில் அரைகுறையாக நிற்பாள். நான் அவள் இடத்தில் இருந்தால் மொத்தப் பாடத்தையும் துரத்த மாட்டேன். இது குறுக்குவழி என்று சில ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். இரண்டு ஆண்டு கையில் இருந்தால் நானும் அவர்கள் பக்கம்தான்.

வரலாற்றில் டி என்பதற்காக நீங்கள் கலங்கிய அளவு தேவையில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. டி, ஈ இரண்டும் தேர்ச்சி. சி-யும் அதற்கு மேலும் கிரெடிட். 2013 முதல் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கும். மற்ற பாடங்களில் ஏ குவித்துவிட்டு இதில் ஜி வாங்கினால் சான்றிதழே கையில் வராது. ஆகவே டி-யில் நிற்பது வரப்பின் ஓரத்தில் நடப்பது மாதிரி. ஒரு சறுக்கல் போதும்.

வரலாற்றுத் தாளில் நம் பிள்ளைகள் இழப்பது எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் நீலக் குறிதான். பாடத்தைப் படித்திருக்கிறார்கள், அதை மலாயில் குறிப்பாக எழுத வரவில்லை. 'ஞாத்தாக்கான்' என்று கேட்டால் புள்ளியைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். 'ஹுராய்க்கான்', 'ஜெலாஸ்க்கான்' என்று கேட்டால் புள்ளியோடு அது எப்படி, ஏன் என்ற விளக்கமும் வேண்டும். ஒரு வரி கேட்ட இடத்தில் அரைப் பக்கம் எழுதி நேரத்தை இழப்பதும், விளக்கம் கேட்ட இடத்தில் ஒரு வரி எழுதி மதிப்பெண்ணை இழப்பதும் ஒரே பிள்ளை ஒரே தாளில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்றால் பலர் அப்படியே காலியாக விட்டுவிடுகிறார்கள், "புத்தகத்தில் இல்லையே" என்று. புத்தகத்தில் இருக்காது, அது அவர்கள் கருத்தைக் கேட்கும் கேள்வி. பொருத்தமான காரணங்கள் எழுதினால் மதிப்பெண் உண்டு.

நான்காம் படிவ நூலில் பத்து அத்தியாயம், ஐந்தாம் படிவ நூலில் பத்து அத்தியாயம். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு பக்கம், மலாயிலேயே, அவள் கையெழுத்திலேயே. இருபது பக்கம் முடிந்தால் அதுவே அவளுக்கு நூல். விலை கொடுத்து வாங்கிய குறிப்பேடு இதற்கு ஈடாகாது. அது எழுதியவருக்குத்தான் மனப்பாடம். பிள்ளைக்குப் புரியட்டும் என்று தமிழில் விளக்குவது நல்லதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் தமிழில் மனத்தில் பதிந்ததை மண்டபத்தில் மலாயாக்க நேரம் இருக்காது. உங்கள் மகள் தமிழ்ப்பள்ளி முடித்தபின் மலாய்மொழிக்காக ஓராண்டு புகுமுக வகுப்பு படித்துவிட்டு வந்தவளா, நேராக முதலாம் படிவம் போனவளா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் மலாய்மொழித் தாளில் பி பிளஸ் வாங்குகிற பெண்ணுக்கு வரலாற்றுக்குத் தேவையான மலாய் இருக்கிறது.

வேதியியலைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம், ஆகவே ஒன்றே ஒன்று. 'கவனித்தது என்ன' என்று கேட்கும் இடத்தில் பிள்ளைகள் முடிவை எழுதிவைக்கிறார்கள். செப்பு சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் என்ன தெரிகிறது? "துத்தநாகம் செப்பை இடம்பெயர்க்கிறது" என்று எழுதினால் அது விளக்கம், கண்ணால் பார்த்ததல்ல. கரைசலின் நீல நிறம் மங்குகிறது, பழுப்பு நிறத் திண்மம் படிகிறது என்பதுதான் விடை. சி பிளஸ்ஸில் இருக்கிற பிள்ளைகளின் தாளை எடுத்துப் பார்த்தால் இந்த வகை இழப்பும், சமன்படுத்தாத சமன்பாடும், விட்டுப்போன அலகும் தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். எல்லாம் நீலம். அறிவியல், கணித வினாத்தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வருவதால் மொழியை இங்கே சாக்காகச் சொல்லவும் முடியாது. இயற்பியலுக்கும் இதே வைத்தியம்தான்.

மாதிரித் தாள்கள் எத்தனை செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். டிரையல் பருவம் முடிந்ததும் பிற மாநிலத் தாள்கள் எல்லாம் டெலிகிராம் குழுக்களில் கொட்டிக் கிடக்கும், சில விடையோடு. சேமித்து வைப்பதில் ஒரு திருப்தி வருகிறது, அது ஆபத்து. நூறு தாள் கைப்பேசியில் இருக்கும், ஒன்றுகூட முழுதாக எழுதப்பட்டிருக்காது. வாரத்துக்கு இரண்டு தாள், முழு நேரம், காலையில், மேசையில் தண்ணீர்ப் புட்டி தவிர வேறெதுவும் இல்லாமல். எஸ்.பி.எம். காலைத் தாள் 8 மணிக்குத் தொடங்கும். இரவு பதினொரு மணிக்குத்தான் மூளை விழிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு தாளை எழுதிப் பார்க்கட்டும். எழுதி முடித்த தாளை அன்றே திருத்தி, மீண்டும் அந்த மூன்று நிறம். திருத்தாத தாள் எழுதாத தாளுக்குச் சமம். வீட்டில் தம்பி தங்கையின் இரைச்சல் என்றால் நூலகம் இருக்கிறது. பினாங்குத் தீவுப் பக்கம் போக முடிந்தால் மஸ்ஜித் நெகாரி சாலையில் உள்ள பினாங்கு மின்னிலக்க நூலகம் அமைதியான இடம்.

'ஸ்போட்' கேள்விகளை நம்பிப் படிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகளின் கைப்பேசிக்கு அது வந்திருக்கும். யாரோ ஒருவர் எதிர்பார்ப்புக் கேள்விகளை முப்பது, ஐம்பது ரிங்கிட்டுக்கு விற்பார். பத்து தலைப்பு சொன்னால் மூன்று பலிக்கத்தான் செய்யும். பலித்ததை மட்டும் அடுத்த ஆண்டு விளம்பரத்தில் போடுவார். உண்மையான கசிவு நடந்தால் என்ன ஆகும் என்பதை 2014-இல் பார்த்தோம். யூ.பி.எஸ்.ஆர். தாள்கள் கசிந்தன, நாடு முழுவதும் குழந்தைகள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். டிரையல் தாள்களும் கசிகின்றன. முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதிய பிள்ளையின் ஏ வகுப்பில் எல்லாரையும் வதைக்கும். உங்கள் மகளின் சி நேர்மையான சி என்றால் அதில் கட்டடம் எழுப்பலாம்.

கால அட்டவணையில் ஒரு எச்சரிக்கை. எழுத்துத் தேர்வுக்கு முன்பே மலாய், ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் அறிவியல் செய்முறைத் தேர்வும் வந்துவிடும். "நவம்பர்தானே" என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இவற்றைக் கோட்டைவிடுகிறார்கள். தீபாவளியும் அக்டோபர் பிற்பாதி, நவம்பர் முற்பாதி என்று சரியாக இந்தக் காலத்தில்தான் வரும். முறுக்குப் பிழிவதும் வீடு கழுவுவதும் மகள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகள் இருந்தால் அவர்களுக்கும் கைகள் உண்டு. பண்டிகை அன்று முழு விடுமுறை கொடுங்கள், புத்தகத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் தீபாவளியாக ஓடினால் கணக்கு உதைக்கும். வீட்டுக்கு வரும் உறவினர்கள் "டிரையலில் எத்தனை ஏ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள், அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

தமிழுக்கு வருகிறேன். பதிவு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. இப்போது 'விடுவது' என்றால் தேர்வுக்கு வராமல் இருப்பது; முடிவுத்தாளில் அந்தப் பாடத்துக்கு நேரே வரவில்லை என்று குறிப்பு விழும். அது போகட்டும். ஏ வாங்குகிற பாடத்தை விட்டால் எந்தச் சுமை குறைகிறது? அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது, மகள் இரவெல்லாம் விழித்திருப்பதைப் பார்க்கிறார். ஆனால் நேரத்தைத் தின்பது தமிழல்ல என்பதை மகளிடமே கேட்டால் சொல்வாள். ஃபவுண்டேஷன் சேர ஐந்து கிரெடிட், டிப்ளோமாவுக்கு மூன்று என்பது பொது வரையறை. தமிழ் அந்தக் கணக்கில் ஒரு கிரெடிட். நாளைக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போக விரும்பினால் எஸ்.பி.எம். தமிழ் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. பாடங்களின் எண்ணிக்கையைப் பத்தோடு நிறுத்திவிடுவதாக 2009-இல் அரசு அறிவித்தபோது, தமிழும் இலக்கியமும் வெளியே தள்ளப்படும் என்று சமூகம் குரல் கொடுத்துத்தான் பத்தோடு இரண்டு சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அதற்காகவே எழுத வேண்டும் என்று உங்கள் மகள் தலையில் சமூகக் கடமையை ஏற்ற மாட்டேன். இலக்கியத்தில் அவளுக்கு உண்மையிலேயே பாரம் தெரிகிறது என்றால், வாரத்தில் ஒரு மாலை மட்டும் அதற்கு என்று குறைத்துக்கொள்ளட்டும். பி வந்தாலும் அது கிரெடிட்தான்.

முதல் கேள்விக்கு இதுவரை சொன்னதிலேயே பதில் இருக்கிறது. டிரையல் கிரேடுகளின்படியே பார்த்தாலும் உங்கள் மகளிடம் ஒன்பது கிரெடிட் இருக்கிறது, மலாயும் வரலாறும் தேர்ச்சி. தேறுவாளா என்ற கேள்வியே எழவில்லை. எந்தத் துறைக்குப் போகப் போகிறாள் என்பதுதான் கேள்வி. மருத்துவம் என்றால் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னும் ஒரு பாடம் என ஐந்தில் பி கேட்கிறார்கள். அப்போது இயற்பியல் சி-யும் வேதியியல் சி பிளஸ்ஸும்தான் அவசரம், கூடுதல் கணிதம் அல்ல. பொறியியல் என்றால் கூடுதல் கணிதம் முன்னால் வந்துவிடும். எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை இதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பிரத்தியேக வகுப்பு ஆசிரியர் எந்தப் பாடம் நடத்துகிறார் என்பதை வைத்தல்ல.

கல்லூரிக் கட்டணம். டிரையல் முடிவை வைத்துத் தற்காலிக இடம் தருவது தனியார் கல்லூரிகளின் வழக்கமான நடைமுறை, அதில் மோசடி எதுவும் இல்லை. ஜனவரி வகுப்பை நிரப்ப அவர்களுக்கு அது தேவை. ஆனால் 'இந்த மாதத்துக்குள்' என்ற அவசரம் அவர்களுடையது, உங்களுடையதல்ல. எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு இன்னும் இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்று மெட்ரிகுலேஷன், அரசு நடத்தும் பல்கலைக்கழக முன்னோடிப் படிப்பு. பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 என்ற ஒதுக்கீட்டால் நம் பிள்ளைகளுக்கு இடம் குறைவு என்பது உண்மை. 2024-இல் பத்து ஏ-யும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு இனப் பாகுபாடின்றி இடம் என்று அறிவித்தார்கள், மகளின் நிலை அதற்குக் கீழே. இருந்தாலும் விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாளா பத்தாஸில், உங்கள் செபராங் பிறையிலேயே இருக்கிறது. இன்னொன்று ஆறாம் படிவம். அதன் இறுதியில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம் என்று பயமுறுத்துவார்கள். 2012 முதல் அது மூன்று பருவமாகப் பிரிந்துவிட்டது, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படிப்பதால் கல்லூரிக் கட்டணம் போன்ற பெருஞ்செலவு இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற மத்திய சேர்க்கைப் பிரிவு வழி விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. குடும்ப வருமானம் ஓரளவுதான் என்றால் என் முதல் ஓட்டு ஆறாம் படிவத்துக்கே.

அப்படியும் அந்தக் கல்லூரி வேண்டும் என்று மகள் விரும்பினால், பணம் கட்டுமுன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எஸ்.பி.எம். முடிவு தகுதிக்குக் குறைந்தால் பதிவுக் கட்டணம் திரும்புமா? மெட்ரிகுலேஷனோ ஆறாம் படிவமோ கிடைத்து விலகினால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? சலுகை டிரையலுக்கா, உண்மை முடிவுக்கா. உண்மை முடிவு நன்றாக வந்தால் சலுகை கூடுமா? அந்த ஃபவுண்டேஷன் மலேசியத் தகுதி நிறுவகத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது, கல்லூரி முகவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் "ஆமாம் அக்கா, கவலைப்படாதீர்கள்" என்று சொல்கிறவர் அதையே மின்னஞ்சலில் எழுதித் தரத் தயங்கினால், பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். ஏப்ரலில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் இருக்கின்றன.